அப்படி ஒரு ஆள் கிடையாது

பெருநகர், காலை 11.20. இன்ஜின் சூடேறி உத்திரமேரூர் பஸ் நிற்கிறது. டிரைவர் தண்ணீர் ஊற்றுகிறார். நான் இறங்கிப் புளியமரத்தடியில் நிற்கிறேன்.

என் பையில், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று பல நாட்டு ஆசிரியர்களுக்கு நடத்தும் கோடைப் பள்ளியின் அழைப்பு இருக்கிறது. வகுப்புகள் நாளை தொடங்குகின்றன. வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு இதுதான் கடைசி ஆண்டு. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் நான் இல்லை என்று போலீஸ் விசாரணையில் எழுதியிருப்பதாக நேற்று சென்னை பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொன்னார்கள்.

அதே பஸ்ஸில் தவிட்டு மூட்டையோடு வரும் பக்கத்து வீட்டு முனுசாமி, அருகில் வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"வாத்தியாரே, பயப்படாதீங்கோ. போன மாசம் நீங்க இஸ்கூல் போயிருந்தப்ப ஒரு போலீஸ்காரர் உங்களக் கேட்டுக்கினு வந்தாரு. வுடுவனா? அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல கிடையாதுன்னு அனுப்ட்டேன். எதிர்வூட்லயும் அதயேதான் சொன்னாங்கோ."

போலீஸ் தேடி வந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்காதது எங்கள் தெருவின் வழக்கம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததை நான்தான் ஒருவரிடமும் சொல்லவில்லை. போக முடியாமல் போனால் சிரிப்பார்களே என்று மறைத்துவிட்டேன். முனுசாமியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இன்னா கேஸு வாத்தியாரே? நெலத் தகராறா?"

"கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல, முனுசாமி."

"மறுபடி வந்தா இன்னா சொல்றது?"

"இனிமே வரமாட்டார்."

அவர் முகம் மலர்கிறது. "பாத்தீங்களா!" என்று என் பையையும் வாங்கிக்கொண்டு, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடிக்க முந்தி ஏறுகிறார்.