அண்ணன் இறங்காத வண்டி

ரப்பர் எஸ்டேட் பங்களாவில் புல்வெட்டும் வண்டி ஒன்று இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் தன் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை, சீமையிலிருந்து வருவித்தது. முன்னால் எஞ்சின், மேலே ஆள் உட்கார ஒரு இரும்பு இருக்கை, வயிற்றுக்கடியில் கத்தி. எந்த மாடும் தின்னப்போகாத புல்லை வெட்ட இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று எனக்கு அன்றைக்கும் எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல்.

அதை ஓட்டியவன் என் அண்ணன். ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் வந்து சட்டென்று போய்விட்டான். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்த கையோடு எஸ்டேட் மேனேஜர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் அப்போது இரணியலில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் கிளம்புகிறது, ஆனால் வண்டி நகரமாட்டேன் என்கிறது, சரிசெய்ய முடியாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றார்.

எனக்கு வண்டி பெரிதல்ல. அப்பாதான் பெரிது. அண்ணன் போனதிலிருந்து அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலமானால் பங்களா ஷெட்டுக்குப் போய் அந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி இருந்துவிட்டு வந்தால்தான் அரை வாய் சோறாவது இறங்கும். வண்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இவர் பிழைக்கமாட்டார் என்று பயந்தேன்.

நான் போனபோதும் அங்கேதான் இருந்தார். இருக்கையில் அண்ணனின் துண்டு மடித்தபடி கிடந்தது. ஏறப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல இரிக்காத மக்கா. அண்ணன் இரிக்கான்."

"சும்மா இரிங்கப்பா."

"பின்ன அவன் மடியிலயா இரிப்ப?"

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். அன்று சிரிப்பு வரவில்லை. தரையில் நின்றபடியே எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. குறை சொல்ல முடியாத சத்தம். ஓடவைக்கிற கம்பியைத் தள்ளினேன். வண்டி அசையவில்லை. கூரைத் தகரமெல்லாம் அதிர, நின்ற இடத்திலேயே நின்றது. ஆளில்லாத இருக்கை மட்டும், யாரோ அதில் உட்கார்ந்து காலாட்டுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. பீடி மணம் வேறு வந்தது. அப்பாவும் பீடி குடிப்பதில்லை, நானும் குடிப்பதில்லை.

"பாத்தியா? அவன் வரமாட்டேங்கான்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பின்பக்கத்தைத் தூக்கி அடியில் கல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. சங்கிலி அறுந்திருக்கவில்லை. பிரேக்கும் பிடித்திருக்கவில்லை. மறுநாள் அப்பா வருவதற்கு முன்பே போய், இருக்கைக்குக் கீழே இருந்த தகர மூடியைக் கழற்றினேன். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெல்ட் உள்ளே இருந்தது. தொட்டால் விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன். புன்னைக்காய் எண்ணெய்.

அப்பா ஆயுசு முழுக்க மாட்டுவண்டி அடித்தவர். மாட்டை அவிழ்த்துக் கட்டியதும் அச்சுக்கு அதே எண்ணெய் விடாமல் அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. சுற்றுகிறது எதுவானாலும் எண்ணெய் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த வண்டி சாஸ்திரம். மகனுடைய வண்டி துருப்பிடித்துவிடக் கூடாதென்று தினமும் மூடியின் இடுக்கு வழியாக ஊற்றியிருக்கிறார். எங்கள் மில்லிலோ எண்ணெய்க் கையோடு பெல்ட் பக்கம் போனால் முதலாளி அடிக்க வருவார். எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், எஞ்சின் சுற்றினாலும் சக்கரம் சுற்றாது. அவ்வளவுதான் பேய்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. துடைத்தால் அண்ணன் போய்விடுவான், துடைக்காவிட்டால் வண்டியே போய்விடும். சாம்பல் போட்டுப் பெல்ட்டைத் துடைத்தேன். மில்லில் செய்வதுபோலப் பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவினேன். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வெயிலே எட்டாத ஷெட் அது. இருக்கை இளஞ்சூடாக இருந்தது. அதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

கம்பியைத் தள்ளினேன். வண்டி நகர்ந்தது.

வெளியே வந்தபோது அப்பா எண்ணெய்க் குப்பியோடு எதிரே நின்றார். காளைக்குப் பக்கத்தில் நடப்பதுபோல வண்டியோடு நடந்தார். கிணற்றடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவர் இருக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன எங்க மக்கா எறக்கி விட்ட?"

எண்ணெய், பெல்ட் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஷெட்டுலதாம்ப்பா. அங்கியே எறங்கிட்டான்."

அப்பா திரும்பி ஷெட்டுக்கு நடந்தார். உள்ளே போய்ப் பேசுவது எனக்குக் கேட்டது.

"வா மக்கா, வீட்டுக்குப் போவோம்."

அதற்குப் பிறகு அவர் ஷெட்டுப் பக்கம் போகவே இல்லை. அன்று வீட்டில் சோறு வைக்கும்போது அவரே ஒரு இலை கூடுதலாகப் போட்டார். அதற்கு எதிரே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.