மூணு என்று மட்டும் சொன்னேன்

கிணற்றில் வெடி வைக்கும் வேலைக்கு நான் போன முதல் நாள் அது. உலக யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். அந்த வேலை நின்றதும், என் அக்கா எஸ்தரின் கணவர் யோசேப்பு பாவா என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பள்ளிப்பட்டுக்கு அப்பால் கல் குவாரியில் பத்து வருஷம் வெடி வைத்தவர் அவர்.

திருத்தணி மலைக்குத் தெற்கே ஒரு விவசாயியின் கிணறு. முப்பது அடியில் பாறை தட்டி, தோண்டுவது நின்றுபோயிருந்தது. பாறையில் குழி அடித்து முடித்ததும் பாவா மேலே வந்து வெற்றிலை போட உட்கார்ந்தார். திரியை வெட்டி, வெடிமருந்தோடு குழிக்குள் இறக்கி, களிமண் போட்டுக் கெட்டித்தவன் நான். திரியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அடிக்கு அரை நிமிஷம் எரியும் திரி அது.

நான் ஏறி வந்ததும் பாவா கேட்டார்.

"எவ்ளோ வெச்சிக்கீற?"

"மூணு பாவா."

"மூணா? ஆங், போதும்."

அவர் இறங்கினார். பற்ற வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். முப்பது எண்ணியும் அவர் ஏறவில்லை. நிதானமாகக் கடப்பாரை, உளி, சம்மட்டி எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாவா, ஏறுங்க! நேரமாவுது!"

"ஏண்டா கத்துற? மூணு முழம் கீது. சாமானப் போட்டுட்டு வரவா சொல்ற?"

முழம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. குவாரியில் அவர்கள் முழங்கையால் அளந்து திரி வெட்டுவார்கள். நான் டேப்பை வைத்து வெட்டியிருந்தேன். மூணு முழமென்றால் நாலரை அடி. முக்கால் நிமிஷம் குறைகிறது.

"முழமில்ல பாவா! மூணு அடிதான்! அடி!"

அவர் தலைநிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. கயிற்றை விட்டுவிட்டுச் சுவரில் வெட்டியிருந்த படிகளில் பாய்ந்து ஏறினார். விளிம்புக்கு இன்னும் நாலு படி. நானும் அந்த விவசாயியும் குப்புறப் படுத்து அவர் கைகளைப் பிடித்தோம். இழுத்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

புகை அடங்கியபோது பாவா என் பக்கத்தில் கிடந்தார். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் ஏதோ சொல்லி அழுதேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"என்னாடா சொல்ற? சத்தமே வரல."

வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா ஓடி வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவரு எவ்ளோன்னு கேட்டாரு. நான் மூணுன்னு சொன்னேன்க்கா."

அக்காவுக்கு வெடி வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த நொடியே கேட்டாள்.

"மூணு என்னா?"

பத்து வருஷ அனுபவக்காரருக்கும் கேட்கத் தோன்றவில்லை, டேப் பிடித்த எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவரவர் அளவே உலகத்து அளவு என்று இருவருமே நினைத்திருந்தோம்.

பாவாவின் கால் கூடியது, ஆனால் சாய்ந்துதான் நடந்தார். ஒரு காது திரும்பக் கேட்கவே இல்லை. என்னை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். பற்ற வைக்கப் போகிறவன் கிணற்றில் இறங்குமுன், திரி எத்தனை அடி, எத்தனை நிமிஷம் எரியும் என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறும் எண்ணைச் சொன்னால் திரும்பவும் கேட்பேன். சின்னப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது போல் இருக்கிறதே என்று சிலர் சிரிப்பார்கள்.

சிரித்தவன் எவனையும் நான் கிணற்றில் இறக்கியதில்லை.