வெள்ளிக்கிழமைகளில் ஓடாத மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிள் என்னைவிட ஆறு வயது மூத்தது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்கு மற்ற நாட்களில் ஒழுங்காகப் போகும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அசையாது. முப்பது உதை உதைப்பேன், உதைக்கொரு வசவு. பிறகு வியர்வையில் நனைந்த சட்டையோடு கடலோரக் காலி வீதியில் பஸ் பிடிப்பேன். மாலையில் வந்து ஒரே உதை, படபடவென்று கிளம்பிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாயிண்ட்டைத் தேய்த்தேன். கொயிலை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பொறி பறக்கும் நுனியில் இடைவெளி அளந்தேன். கடைசியில் உப்புக் காற்றுதான் காரணம் என்று கடலைத் திட்டினேன். ஆனால் கடல் வியாழக்கிழமையும் அங்கேதானே இருந்தது?

மூன்றாவது வெள்ளிக்கிழமை, என் வசவு கேட்டு அயலில் ஜன்னல்கள் திறந்தபோது, மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“வாற வெள்ளியும் உது ஸ்டார்ட் ஆகாட்டி பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவன். சொல்லிப்போட்டன்!”

சொன்னால் செய்கிறவள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீசை முளைத்த காலம் தொட்டு என்னோடு இருக்கிற வண்டி. அது போனால் நான் பஸ்ஸில் தொங்கும் இன்னொரு கிழவன், அவ்வளவுதான்.

அந்த வெள்ளி விடிந்ததும் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக் நானாவை வரவழைத்தேன். பழைய வண்டிகள் என்றால் அவர்தான். மனிதர் ஓர் உதைகூட உதைக்கவில்லை. பிளக்கின் ரப்பர் மூடியை இழுத்துக் கழற்றினார், குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சேர், இதுக்கு யாரு விபூதி பூசின?”

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மூன்று ஈரக் குறி. நடுவில் சந்தனப் பொட்டு வேறு.

“கரண்ட் உள்ளுக்குப் போகாம இந்த ஈரத்தில இறங்கி ஓடுது. காஞ்சா சரியாகிடும்” என்றார் நானா.

காய்ந்தால் விபூதி வெள்ளையில் வெள்ளை, சந்தனம் உதிர்ந்துவிடும். நுனியை மட்டும் உற்றுப் பார்த்த எனக்கு எப்படித் தெரியும்? நானா துணியால் துடைத்துவிட்டு உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி உறுமியது.

திரும்பினேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தோய்ந்த தலையோடு மனைவி வாசலில் நின்றாள். விரலில் விபூதி.

“மழைக்கு வண்டி நிண்ட நேரம் பிளக்கிலதான் வருத்தம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? வருத்தம், நோய் உள்ள இடத்திலதானே விபூதி பூசுறது?”

“அப்ப இரும்புக்காரனைக் கூப்பிடுவன் எண்டது?” என்று கத்தினேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“கோவத்தில சொல்லிப்போட்டன். சொன்னதைப் பிறகு மாத்தேலாதே. அந்தப் பயத்திலதான் இண்டைக்கு ரெண்டு தரம் பூசினனான்.”