நிமிர்ந்து நிற்கும் கொழுந்துக்காரி

கூடை நிறையக் கொழுந்தைச் சுமப்பவள் கழுத்தை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்பாளா? தேயிலைப் பெட்டியில் அச்சடித்த படத்தில் நிற்பாள். சுஜீதாவின் கோபம் அங்கேதான் தொடங்கியது.

இலங்கையில் பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து எஞ்சினியரானவள் சுஜீதா. 2006இல், பக்கத்து டவுன் பூங்காவில் இரண்டு மாடி உயரத்துக்குக் கொழுந்துக்காரி சிலை வைக்க ஒரு குழு கிளம்பியது. உள்ளே போகும் இரும்புச் சட்டத்துக்கும் அடியில் போடும் அத்திவாரத்துக்கும் கணக்குப் பார்க்கும் வேலை அவளிடம் வந்தது. அவளுடைய அம்மா இராஜம் அன்றைக்கே லயம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

"எங்க செலைய எம் மகதான் நிக்க வைக்கப் போறா!"

கொழும்புச் சிற்பியின் மாதிரியில் அந்தப் பெண் கம்பு மாதிரி விறைத்து நின்றாள். முதுகுக் கூடையின் பாரமோ அவளைப் பின்னால் இழுத்தது. கூடைக் கயிறு தலையில் அழுந்த, அம்மா முன்னால் சாய்ந்து மலையேறுவதைப் பார்த்து வளர்ந்தவள் சுஜீதா. சிலையையும் அப்படியே சாய்த்து வரைந்தாள். பாரம் நேரே பாதத்தில் இறங்கியது. வரைபடத்தில் சிலை தன் காலிலேயே நின்றது.

சிங்களவரான குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மிஸ், கூனிப் போயிருக்கு? வெள்ளைக்காரங்க போட்டோ எடுக்கிற இடம். சிற்பி செஞ்சதுதான் லஸ்ஸன."

லஸ்ஸனவாம், அழகாம்! இவர் குடிக்கும் தேத்தண்ணி எந்தக் கழுத்தில் ஏறி வந்தது?

"நிமிர்த்தினா பின்னால முட்டுக் குடுக்கணும் சேர்."

"குடுங்க. பின்னால யாரு பாக்கப் போறா?"

முட்டு வைத்த வரைபடத்தில் சுஜீதா கையெழுத்துப் போட மறுத்தாள். வேறொருவர் வந்து போட்டுவிட்டுப் போனார். அவள் கோபத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்கு அவள் போவதாக இல்லை. அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலிகள் எல்லாம் பெரிய மனிதர்களுக்கு. லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்றார்கள். இராஜம் சிலையின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனாள். கூடைக்கு அடியில் தொடைத் தடிமனில் ஓர் இரும்புத் தூண்.

"இது என்னத்துக்குடி?"

"கூடையத் தாங்கத்தாம்மா. இல்லாட்டி செலை மல்லாந்துரும்."

இராஜம் தூணை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"செலைக்கு முட்டுக் குடுத்திருக்கானுங்க. நம்மள்ல ஒருத்திக்காவது குடுத்தானுங்களா?"

அதையே சிங்களத்தில், நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு தடவை கேட்டாள்.