கொம்புக்குள் குளவி

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடும் செபஸ்தியம்மாளுக்கு ஆனைக்கொம்பன் ஈயின் பேரைக் கேட்டாலே ஆகாது. அதன் புழு புகுந்த தூர் வெங்காயத்தாள்போலக் குழலாகிவிடும்; அப்புறம் அதில் கதிரே வராது. சம்பா நட்ட முப்பதாம் நாள், கொளுத்திவிடுவதற்காகக் கூடை நிறையக் குழல்களைத் திட்டிக்கொண்டே பிடுங்கினாள். வரப்பேறி ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். புழு செத்துக் கிடந்தது. அதன் தோலுக்குள் கடுகைவிடச் சின்னக் கூடுகள் நெருக்கமாக இருந்தன. இன்னும் நாலைக் கீறினாள். எல்லாம் அப்படித்தான்.

கணவர் ஆண்டனி ஸ்பிரேயரோடு வந்தார். "மருந்து கலக்கட்டுமா?"

"வேணாங்க! உள்ள இருக்கறது புழுவத் திங்கிற குளவி. மருந்தடிச்சா அதுதான் மொதல்ல சாவும். வெளிய வந்தா மிச்சப் புழுவையும் அது பாத்துக்கும்."

கூடையோடு மறுபடி சேற்றில் இறங்கினாள். காலையிலிருந்து திட்டித் திட்டிப் பிடுங்கியதையெல்லாம் கைகையாக அள்ளி வயலுக்கே திருப்பிக் கொடுத்தாள்.