ஒரு பெட்டி குறைவு

காட்டூர் சவரிராயன் முப்பத்தொரு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். கிளம்பும் இடத்தில் பெட்டிகளை எண்ணுவார், சேருமிடத்தில் மறுபடி எண்ணுவார், இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் கையெழுத்து. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால்கூட தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிற ஆசாமி.

அவர் மனைவி ரோசரி, மாதா கோயில் பாடற்குழுவில் இருபது வருஷம் பாடியவள். போன வருஷம் தொண்டையில் கட்டி என்று அறுவை செய்ததில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது வெறும் காற்றாகத்தான் பேச்சு வரும். அவள் பாடிய குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்: சவரிராயன் வாராவாரம் பதிவு செய்து சேர்த்த பழைய ஹார்ட் டிஸ்க்கில். அதுவும் டிக் டிக் என்று முனக ஆரம்பித்திருந்தது.

புது டிஸ்க் வாங்கினார். எதிர்வீட்டு மணிமேகலை பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் சரி என்று போட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். இதில் என்ன பெரிய வித்தை என்று மனிதர் தானே மொத்தத்தையும் பிடித்து இழுத்துப் புதியதில் போட்டார். பாதியில், ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை, என்ன செய்ய என்று கேட்டு நின்றது. ரயில்வேயில் ஒரு பெட்டி பழுதானால் அதைக் கழற்றி ஸ்டேஷனில் விட்டுவிட்டு வண்டியை அனுப்புவார்கள். அவரும் அதே நினைப்பில், முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போ என்கிற ‘ஸ்கிப் ஆல்’ அழுத்தினார். வண்டி போய்ச் சேர்ந்தது.

எண்ணிப் பார்த்தார். பழையதில் 1,046. புதியதில் 1,039. மறுபடி எண்ணினார். அதே ஏழு குறைந்தது.

“ஸ்கிப் ஆல் குடுத்தா எதை விட்டுச்சுன்னு அது சொல்லாதுங்க அங்கிள்” என்றாள் மாலையில் வந்த மணிமேகலை. கறுப்புத் திரையைத் திறந்து ஆர்சிங்க் என்று ஒரு கட்டளையை அடித்தாள். அது இரண்டு பக்கமும் பார்த்து இல்லாததை மட்டும் கொண்டுவருமாம். வராததைப் பெயர் சொல்லிக் காட்டுமாம். தான் முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலையும் இதுதானே என்று சவரிராயனுக்குப் பட்டது. முதல் முறை நான்கு வந்தன. டிஸ்க்கை ஆறவிட்டு மறுபடி ஓட்டியதில் இரண்டு. மூன்றாவது முறை பழைய டிஸ்க் முனகலையும் நிறுத்திக்கொண்டது.

வராததன் பெயர் திரையில் நின்றது. 2014 பெரிய வெள்ளி, ரோசரி தனியாகப் பாடியது. கோயில் முழுக்க அழுத நாள்.

ரோசரி எட்டிப் பார்த்தாள். “விடுங்க. அன்னிக்கு எனக்குச் சுருதியே சேரல” என்றது காற்று.

சேர்ந்திருந்தது. இருவருக்கும் தெரியும். சவரிராயன் நோட்டை எடுத்து ‘1,045. ஒன்று குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்வீஸில் ஒருநாளும் எழுதாத வார்த்தை. பேனாவை மூடப்போனவரிடம் ரோசரி கையை நீட்டினாள். வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.