கறுப்பு இயந்திரத்தில் ஒரு கடல்

தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் நான் ஒரு கடலைச் செய்துகொண்டிருந்தேன். டத்தோ கிராமாட் சாலையில், சைக்கிள் கடைக்கு மேலே, ஜன்னல்கள் சரியாக மூடாத ஓர் அறையில் அந்த வேலை நடந்தது. மழை அடித்தால் சாரல் மேசை வரைக்கும் வரும். கம்ப்யூட்டர்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு, மழை விடும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். இப்போது நினைத்தால் அந்த இரண்டு வருஷமும் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

நாங்கள் மூன்று பேர். வீடியோ கேம் கடை வைத்திருந்த அண்ணே ஒருவர். வெளிநாட்டு விளையாட்டுகளையே விற்றுச் சலித்து, இங்கேயே ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்று அந்த அறையை வாடகைக்கு எடுத்தவர். இரண்டாவது, படம் வரையும் அக்கா. பத்து பெரிங்கி கடற்கரையில் சுற்றுப்பயணிகளுக்காக, மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணியில் அலையும் மீனும் தீட்டிக்கொண்டிருந்தவர், மூன்றே வாரத்தில் மௌஸைப் பிடித்து வரையப் பழகிவிட்டார். மூன்றாவது நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் சிப்புகளைச் சோதிக்கும் புரோகிராம் எழுதிவிட்டு, வீட்டில் எல்லாரும் திட்டத் திட்ட வேலையை விட்டவள். தினமும் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவிலிருந்து பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்துத் தீவுக்கு வருவேன். பாதிக் கடலில் இன்ஜின் சத்தம் மாறும் இடத்தில் என்னை அறியாமல் கண் சொக்கும். விளையாட்டுக்கான யோசனை அங்கேதான் வந்தது. அந்தி வேளையில் ஒரு படகு. கடலுக்குள் விழுந்துவிட்ட விளக்குகள். தண்ணீருக்கு அடியில் அவை மங்கலாக எரிவதைப் பார்த்து, படகை அங்கே கொண்டுபோய் ஒவ்வொன்றாக மேலே எடுக்கவேண்டும்.

"சண்டை இல்லையா?" என்றார் அண்ணே.

"இல்லண்ணே."

"ஒருத்தனும் சாகலையா? அப்புறம் யாருலா வாங்குவா?" என்றவர், கிளம்பும்போது வாசலில் திரும்பி, "சரி, செய்யுங்க," என்றார்.

அந்தக் காலத்தில் கடைகளில், டிவியோடு இணைத்து விளையாடும் இரண்டு இயந்திரங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் நிறம். விளையாடுகிறவர்கள் எது வேகம், எதில் படம் அழகு என்று பேசுவார்கள். எழுதுகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் விளையாட்டு எழுதுவோருக்கென்று ஒரு சிறப்புப் பெட்டியும் கையேடும் தருவார்கள். அண்ணனுக்கு முதலில் கிடைத்தது கறுப்பு. அதற்குள் கணக்குப் போடும் சிப்புகள், அதாவது மூளைகள், இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கத் தெரிந்தவருக்கு அது எதையும் செய்யும் என்றார்கள். தெரிந்தவர் யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கையேடு முக்கால்வாசி ஜப்பானிய மொழியில் இருந்தது. எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் ஆசை வந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். சுலபமாகப் பேசாதவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு பிடிப்பு உண்டு.

கையேட்டைப் படிக்க அக்கா ஒரு வழி சொன்னார். அவரிடம் பத்திக் கற்றுக்கொண்ட ஜப்பானியப் பெண்மணி ஒருவர் தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில் இருந்தார். கணவர் தொழிற்சாலை மேலாளர். காலையில் போனால் இரவுதான் வருவார். "பாவம், அதுக்குப் பேச ஆள் இல்ல. போய்க் கேட்டுப் பாரு," என்றார் அக்கா.

சனிக்கிழமை மதியங்களில் போக ஆரம்பித்தேன். ஒன்பதாவது மாடி. பால்கனி முழுவதும் கடல். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் பாசாரில் காய்கறி வாங்கும்போது கற்ற மலாயிலும் பள்ளியில் கற்ற ஆங்கிலத்திலும் மாற்றிப் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதுவார். அவர் கையில் அந்தக் கையேடு வேறொன்றாக மாறியது. "ஒரு வீட்டில் இரண்டு எஜமானர்கள். வாசல் ஒன்று. ஒருவர் வாசலில் நிற்கும்போது மற்றவர் வீட்டுக்குள்ளேயே காத்திருக்கவேண்டும்," என்று படித்துவிட்டு, இது உண்மையிலேயே மிஷினைப் பற்றியதா என்று என்னைப் பார்த்தார். உண்மைதான். இரண்டு மூளைகளுக்கும் நினைவகத்துக்குப் போக ஒரே பாதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒன்றரை மாதம் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த பார்லி டீயைக் குடித்தபடி, கீழே கடலில் ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

ஏழாவது மாதம் படகு ஓடியது. படகின் பின்னால் விரியும் அலையை இரண்டாவது மூளை தனியாகக் கணக்குப் போட்டது. அவ்வளவு உயிருள்ள அலையை அதுவரை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் என்றால் அடியில் இருப்பது தெரியவேண்டும். அந்த இயந்திரத்துக்கு ஒன்றின் வழியாக இன்னொன்றைக் காட்டுவது சரியாக வராது. ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வண்ணத்தைப் போட்டு, இடைவெளிகளில் அடியில் இருப்பதைக் காட்டும்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இது தண்ணி இல்லம்மா. கொசுவலை."

நான் தயாரிப்பாளர்களுக்கு இரண்டு முறை பேக்ஸ் அனுப்பினேன். ஒன்றுக்குப் பல வாரங்கள் கழித்து ஜப்பானிய மொழியில் பதில் வந்தது. கையேட்டைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீட்டில் ஆண்டெனா வயர் வழியாகப் படம் காட்டும் பழைய டிவி ஒன்று இருந்தது. அதில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கி, கொசுவலை கரைந்து, உண்மையான தண்ணீர் போலவே தெரிந்தது. விளக்குகள் அடியில் நடுங்கின. சிங்கப்பூரிலிருந்து விநியோகஸ்தர் ஒருவர் எங்கள் விளையாட்டைப் பார்க்க வரும் நாளில், என் தம்பியின் காரில் அந்த டிவியை ஏற்றி அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணனிடம் காரணம் சொல்லவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவர் மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

விநியோகஸ்தர் அடக்கமான மனிதர். பத்து நிமிஷம் விளையாடினார். "அழகா இருக்கு. ஆர்டரைப் பத்திப் பேசலாம்," என்று அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணனுடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். பல வருஷம் காத்திருந்த முகம் அது. என்னால் தாங்க முடியவில்லை. நானே எழுந்துபோய் ஆண்டெனா வயரைப் பிடுங்கி, மூலையில் இருந்த புது டிவியின் வயரை இயந்திரத்தில் செருகினேன். கடல் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நின்றது.

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே எல்லாரும் இந்த மாதிரி டிவிதான் வாங்குவாங்க," என்றேன்.

விநியோகஸ்தர் கோபப்படவில்லை. "ஏம்மா இவ்வளவு சூசா பட்டு, கஷ்டப்பட்டு இதையே கட்டிக்கிட்டு அழறீங்க? சாம்பல் மிஷின்ல இதுக்கு உதாரணமே போட்டுத் தர்றாங்க. எனக்கு விளையாட்டு எழுதித் தர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் ஓடுறாங்க. வாங்குறவங்களும் அதைத்தான் கேக்குறாங்க. நான் பெட்டியை அனுப்புறேன்லா."

அடுத்த வாரமே அது வந்தது. ஒரே மூளை. ஆங்கிலக் கையேடு. கூடவே அப்படியே ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்னச் சின்ன உதாரணங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சந்தேகத்தைப் பேக்ஸில் கேட்டேன். மறுநாள் காலை நான் படியேறி வரும்போதே பதில் சுருண்டு கிடந்தது. யாரோ ஒரு பொறியாளர் கையால் படம் வரைந்து விளக்கியிருந்தார். அந்தக் காகிதத்தை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். எழுதுகிறவர்கள் ஏன் ஓர் இயந்திரத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் பலத்தைத் தேடிப் போவதில்லை. கேட்டால் பதில் வரும் இடத்துக்குப் போகிறார்கள். விளங்கியபோது அழுகை வந்தது. சந்தோஷத்தால் வந்த அழுகை இல்லை அது.

"விடுலா," என்றார் அண்ணே. "கறுப்புல நீ போட்டதெல்லாம் வீண் இல்ல. கைப்பழக்கம் வந்திருச்சில்ல?"

அக்கா மட்டும் சாம்பல் இயந்திரத்தில் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை மூளைக்குச் சுமை தாங்காது என்று அலையை நான் பாதியாகக் குறைத்திருந்தேன். "தண்ணி நல்லாருக்கு. அலைதான் செத்துப் போச்சு," என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஜப்பானியப் பெண்மணியிடம் போனேன். இனி மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனது ஞாபகம். அவர் நோட்டை நீட்டினார். விநியோகஸ்தருக்குக் காட்டும் வேலையில் நான் போகாமல் இருந்த ஒரு மாதத்தில் நாற்பது பக்கம் எழுதி முடித்திருந்தார். கடைசிப் பக்கத்தையும் முன்கூட்டியே மொழிபெயர்த்துவிட்டதாகக் கூச்சத்தோடு சொன்னார். முடிவு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசையாம். அதில், இந்த இயந்திரத்தை நாங்களும் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அதை அச்சடித்தவர்கள் எங்கோ ஓர் அறையில் எங்களைப் போலத் திணறிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு, "ஒரு தடவை அதைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பகலில் அறைக்கு வந்தார். செங்குத்தான மரப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். முதலில் சாம்பல் இயந்திரத்தின் கடலைக் காட்டினேன். அழகு என்றார். பிறகு கறுப்பைக் கேட்டார்.

"நான் எழுதினது இதுல எங்க இருக்கு?"

படகுக்குப் பின்னால் விரியும் அலையைக் காட்டினேன். "இது ரெண்டாவது மூளை போடுறது. உங்க நோட்டுல பதினோராம் பக்கம்."

படகை நானே ஓட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அலை விரிந்து, மடிந்து, கரைந்து போகும். மீண்டும் என்பது போல விரலைச் சுழற்றுவார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அக்கா தன் மேசையை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். அண்ணே ஐஸ் கோப்பி வாங்கி வந்தார். அதை யாரும் குடிக்கவில்லை.

விளையாட்டு மறு வருஷம் சாம்பல் இயந்திரத்துக்கு வெளிவந்தது. சிங்கப்பூரில் கொஞ்சம் விற்றது, இங்கே இன்னும் கொஞ்சம். அதற்குள் பெண்மணியின் கணவருக்கு மாற்றலாகி அவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். கறுப்பு இயந்திரம் கடைகளிலிருந்தே மறைந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு இன்னொரு விளையாட்டு செய்யத் தெம்பில்லை. அக்கா விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். எனக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்குப் போனேன். சண்டையே இல்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிரதியை அண்ணே வாடிக்கையாளர்கள் விளையாடிப் பார்க்க முன்னால் போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்து சீருடையோடு வந்த ஒரு நர்ஸ், கைப்பையை இரண்டு காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு நின்றபடியே விளையாடிக்கொண்டிருந்தார். வேகமாகப் போகவே இல்லை. படகைச் சும்மா மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, படகை ஓட்டும் கைக்கருவியைக் கீழே வைத்தார்.

"வாங்கலையா?" என்றார் அண்ணே.

"மிஷின் இல்லைண்ணே வீட்டுல. ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்குமா?"

"பத்து மணிக்குத் திறந்திருவேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்தாரா என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு நான் தெற்கே போகும் பஸ்ஸில் இருந்தேன்.